கூண்டில் நிற்காத சாட்சி

கிரிமினல் அப்பீல் கட்டுகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. பாலியல் வழக்கில் சாட்சி சொன்ன பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அப்பீலைக் கேட்கும் ஹைகோர்ட் நீதிபதியும் பார்ப்பதில்லை. எங்கள் இருவர் கையிலும் இருப்பது கீழ்க்கோர்ட்டில் டைப் அடித்த சாட்சியம். அதில் பெரும்பாலும் வக்கீல் கேட்ட கேள்வி இருக்காது; பதில் மட்டும், அவளே சொல்லிக்கொண்டு போனதுபோல ஒரே பத்தியாக ஓடும். “நான் கூச்சல் போடவில்லை. வளையல் உடையவில்லை. விருப்பப்பட்டுத்தான் போனேன் என்று சொன்னால் சரியல்ல.” எதிர்த்தரப்பு எத்தனை தடவை சுற்றிச்சுற்றிக் கேட்டது, அவள் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றாள் என்பதெல்லாம் தாளில் ஏறாது. சாட்சி நின்ற விதம் பற்றி நீதிபதி குறிப்பு எழுத குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280-ஆம் பிரிவே இருந்தது. என் கைக்கு வந்த கட்டுகளில் அப்படியொரு குறிப்பு அபூர்வம்.

இந்தத் தாளை மட்டும் நம்பித் தண்டிக்கலாமா என்ற சண்டை பழையது. 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவளின் பேச்சுக்குத் துணைச் சான்று கட்டாயம் என்று எந்தப் பிரிவும் கிடையாது. குற்றத்தில் கூட்டாளியாக இருந்துவிட்டு சாட்சி சொல்ல வருபவனிடம் காட்டும் சந்தேகத்தை, இங்கிலாந்துக் கோர்ட்டுகளின் பழக்கத்தைப் பார்த்து, நம் நீதிபதிகள் இவள் தலையிலும் கட்டினார்கள். விளைவு, ராஜஸ்தானில் ஒரு செஷன்ஸ் நீதிபதி எட்டு வயதுச் சிறுமி சொன்னதை மனதார நம்பினார்; நம்பியும் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனை, விடுதலை செய்தார். துணைச் சான்று இல்லாமல் தண்டிக்கச் சட்டம் இடம் தராது என்பது அவர் எண்ணம். ஹைகோர்ட் அதை மாற்றித் தண்டித்தது. அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1951 டிசம்பரில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி விவியன் போஸ். அவள் கூட்டாளி அல்ல. துணைச் சான்று சட்டத்தின் கட்டளை அல்ல, நீதிபதி மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை மட்டுமே. அது வேண்டாத வழக்குகளும் உண்டு என்றார். சிறுமி தன் தாயிடம் சொன்னதையே துணைச் சான்றாகவும் ஏற்றார். ‘ராமேஷ்வர் வழக்கு’ என்று இன்றும் நாங்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இதுதான். என்னைக் கேட்டால், போஸின் எச்சரிக்கை கீழ்க்கோர்ட்டுகளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. விலக்குதான் மறந்துபோனது.

1972-இல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிப் பெண்ணைப் போலீஸ்காரர்கள் பலாத்காரம் செய்ததாக வந்த வழக்கு அதற்குச் சாட்சி. செஷன்ஸ் கோர்ட் போலீஸ்காரர்களை விடுவித்தது, ஹைகோர்ட் தண்டித்தது, 1978-இல் சுப்ரீம் கோர்ட் மறுபடி விடுவித்தது. உடம்பில் காயம் இல்லையாம். கூச்சல் போட்டதாக அவள் சொன்னதும் பொய்யாம். மறுவருடம் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் நடந்த வன்முறையில் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று அவள் சொன்னால் கோர்ட் அதை மெய்யென்றே அனுமானிக்க வேண்டும். ஆனால் அவள் ‘நடத்தை கெட்டவள்’ என்று காட்டிச் சாட்சியத்தை உடைக்க இடம் கொடுத்த சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு 2002 வரை ஏட்டில் இருந்தது. நூற்று முப்பது வருடம்!

நம் ஊர் வழக்குக்கு வருகிறேன். 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தன மரம் தேடி வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அதற்கு மேல் ஜெயில் வேறு. உடனே புகார் கொடுக்கவில்லையே என்று இப்படிப்பட்ட வழக்குகளில் கேட்பது எங்கள் தொழிலின் அலுக்காத கேள்வி. போலீசும் வனத்துறையுமே எதிரிகளாக இருக்கும்போது, ஜெயிலில் இருப்பவள் யாரிடம் போய்க் கொடுப்பாள்?

2011-இல் தர்மபுரி கோர்ட், 269 எதிரிகளில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. அதில் 17 பேர் மீது பலாத்காரக் குற்றம். அப்பீல் பன்னிரண்டு வருடம் கிடந்தது. 2023 மார்ச்சில் ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் கட்டை மட்டும் படித்து முடிக்காமல் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அப்பீலில் நீதிபதி சம்பவ இடத்துக்குப் போவது நடக்கிற காரியமா! செப்டம்பர் 29-இல், அந்தப் பெண்களின் சாட்சியம் நம்பத்தக்கது என்று அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பலாத்காரத்துக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டார். அதில் பாதியைப் பலாத்காரக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களிடம் வசூலிக்கவும் சொன்னார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.