வைக்கோல் செருப்பு

யாத்திரை கிளம்புகிறவர்கள் எதை மறந்தாலும் வெந்நீர்ப் பிளாஸ்கையும் எலுமிச்சங்காய் ஊறுகாயையும் மறப்பதில்லை. படுக்கை, பெட்டி, பூட்டு, சில்லறைக் காசு, தலைவலி மாத்திரை என்று பத்து நாளைக்கு முன்பே ஜாபிதா தயாராகிவிடுகிறது. காலில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்ற கேள்வி மட்டும் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் எழுகிறது. அப்போது அகப்படுவது இரண்டில் ஒன்று. கல்யாணத்துக்கென்று வாங்கி இரண்டே தடவை போட்ட புது ஜோடு, அல்லது கொல்லைப்புறம் போய்வருவதற்காக வைத்திருக்கும் பழைய செருப்பு. புது ஜோடு கடிக்கும். பழைய செருப்பு அறுந்து போகும். மூன்றாம் நாள், கோபுரத்தையும் கோட்டையையும் பார்க்க வேண்டிய கண்கள் குதிகாலில் கிளம்பிய கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அற்ப விஷயம்தான். ஆனால் இந்த அற்ப விஷயத்தைப் பற்றி ஒரு தேசமே இருநூற்றைம்பது வருஷகாலம் சிரத்தையாக யோசித்திருக்கிறது. அந்தத் தேசம் ஜப்பான்.

1603 முதல் 1868 வரையில் ஜப்பானைத் தோகுகாவா வம்சத்து ஷோகன்கள் ஆண்டார்கள். சக்கரவர்த்தி கியோட்டோ நகரில் இருந்தார்; அதிகாரம் எடோவில் இருந்தது. அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. இரண்டு நகரங்களையும் இணைத்த ராஜபாட்டைக்குத் தோக்காய்தோ என்று பெயர். கடற்கரையை ஒட்டிச் சுமார் 490 கிலோமீட்டர் நீளம். வழியில் 53 தங்கும் ஊர்கள். அவ்வளவு பெரிய பாட்டையில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் வண்டி கிடையாது. பெரிய மனிதர்கள் பல்லக்கில் போனார்கள். கொஞ்சம் காசு உள்ளவர்கள் சுமைக்குதிரையின் மேல் உட்கார்ந்து போனார்கள். மற்ற எல்லோரும் நடந்தார்கள். பன்னிரண்டு நாளிலிருந்து பதினைந்து நாள் வரை பிடித்தது.

நடந்தவர்களின் காலில் இருந்தது வராஜி என்னும் வைக்கோல் செருப்பு. நெல் அறுத்த பிறகு மிஞ்சும் வைக்கோலைத் தட்டி மிருதுவாக்கிப் புரி திரித்து, அந்தப் புரியைப் பாய் முடைவதுபோல் நெருக்கமாகப் பின்னி அடித்தளம் செய்வார்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு கயிறு கிளம்பும். பக்கங்களில் சிறு வளையங்கள், குதிகாலில் இன்னொரு வளையம். கயிற்றை இவற்றின் வழியாகச் செலுத்திக் கணுக்காலைச் சுற்றி முடிந்துவிட வேண்டும். செருப்பு காலோடு ஒட்டிக்கொள்ளும். நடக்கும்போது பின்பக்கம் தட்டுவதில்லை. விரல் நுனிகள் செருப்பின் விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டு தரையைப் பற்றும். ஜப்பானியக் கோடைகாலம் நம் கோடையைப்போலவே புழுக்கமானது. வைக்கோல் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். காற்றும் நாலு பக்கமும் வந்து போகும்.

ஒரே குறை, வராஜி நீடித்து உழைக்காது. நல்ல மழையும் கல்லும் சேர்ந்தால் ஒரே நாளில் கிழிந்துவிடும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, விலை அவ்வளவு மலிவு. வயலில் வேலையில்லாத நாட்களில் குடியானவர்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னித் தள்ளுவார்கள். பாதையோரத்து டீக்கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பழையதை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

குதிரைக்குக்கூட அங்கே இரும்பு லாடம் கிடையாது. அதன் குளம்புக்கும் வைக்கோல் செருப்புத்தான். டச்சுக்காரர்களின் வைத்தியராக நாகசாகியில் இருந்த கேம்ப்பர் என்ற ஜெர்மானியர் 1691-லும் 1692-லும் எடோ வரையில் பிரயாணம் செய்தார். அவருடைய புத்தகம் 1727-ல் லண்டனில் வெளிவந்தது. பாதையெங்கும் மனிதர்களுக்கும் குதிரைகளுக்கும் செருப்பு விற்பதைப் பார்த்துவிட்டு அவர் வேடிக்கையாக எழுதுகிறார்: லாடக்காரர்கள் இவ்வளவு பேர் உள்ள தேசம் வேறு இராது, ஆனால் உண்மையில் ஒரு லாடக்காரனும் இங்கே இல்லை என்று. கழற்றி எறிந்த செருப்புகளையும் குடியானவர்கள் வீணாக்குவதில்லை. பொறுக்கிக் கொண்டுபோய் எருவோடு சேர்த்துவிடுவார்கள். வயலில் விளைந்தது ஊரெல்லாம் நடந்துவிட்டு வயலுக்கே திரும்பிற்று.

நிற்க. அந்தக் காலத்து ஜப்பானில் நினைத்தவர்கள் நினைத்தபடி ஊர் சுற்ற முடியாது. குடியானவனுக்குக் கிராமத் தலைவரோ கோயில் குருக்களோ அனுமதிச் சீட்டு எழுதித் தரவேண்டும். ஹகோனே மலையில் 1619 முதல் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எடோவிலிருந்து பெண்கள் வெளியேறுகிறார்களா என்பதையே அங்கே முக்கியமாகக் கவனித்தார்கள். சிற்றரசர்களின் மனைவிமார்களை ஷோகன் எடோவிலேயே பிணைபோல் வைத்திருந்தார். அவர்கள் தப்பி ஓடிவிடக் கூடாதல்லவா? ஆகவே எந்தப் பெண் வந்தாலும், அவளுடைய சீட்டில் எழுதியிருக்கும் அடையாளங்களைச் சரிபார்ப்பதற்கென்று ஒரு கிழவி இருந்தாள். கூந்தலை அவிழ்த்துக்கூடப் பார்ப்பாளாம்.

இவ்வளவு கட்டுக்காவலிலும் ஜனங்கள் நடந்தார்கள். யாத்திரை என்று சொன்னால் அனுமதி கிடைத்தது. இஸே என்ற ஊரில் சூரிய தேவியின் ஆலயம் இருக்கிறது. இஸே யாத்திரை என்று பெயர் பண்ணிக்கொண்டு கியோட்டோவையும் ஒஸாகாவையும் நாடக சாலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். புண்ணியத்தோடு வேடிக்கையும் சேர்வது நமக்குப் புதிதா என்ன?

சீட்டுக்கூட இல்லாமல் போனவர்களும் உண்டு. கடைப்பையன், வேலைக்காரி, யாரோ ஒரு வீட்டுச் சிறுவன், யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விடியற்காலையில் இஸேயை நோக்கிக் கிளம்பிவிடுவான். கையில் ஓர் அகப்பை இருந்தால் போதும். அதைக் கண்டால் வழியிலுள்ளவர்கள் சோறு போடுவார்கள், காசு போடுவார்கள், கால் செருப்பு தேய்ந்திருந்தால் புதுச் செருப்பும் கொடுப்பார்கள். திரும்பி வந்தால் எஜமானர்கள் பெரும்பாலும் தண்டிப்பதில்லை. தேவியைத் தரிசித்து வந்தவனை எப்படி அடிப்பது? 1830-ல் இந்த யாத்திரை ஒரு வெள்ளம்போல் பெருகிற்று. சில மாதங்களில் இஸேக்குப் போனவர்கள் 40 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்போது ஜப்பானின் ஜனத்தொகை சுமார் 3 கோடிதான்.

வாழ்நாள் முழுவதும் பிறருக்கு உழைத்தே தீரவேண்டியவர்களுக்கு உலகத்தைப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. அதற்குக் குதிரை வாங்கவேண்டியதில்லை, பல்லக்குக்குக் கூலி தரவேண்டியதில்லை. பிச்சையாகக்கூடக் கிடைக்கிற ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு போதுமானதாக இருந்தது. தோல் ஜோடுதான் வேண்டும் என்று இருந்திருந்தால் அந்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் வாசற்படி தாண்டியிருப்பார்கள்?

யாத்திரை பெருகினால் யாத்திரைக்கு வழிகாட்டும் புத்தகங்களும் பெருகும். 1810-ல் யசுமி ரோவான் என்பவர் பிரயாணிகளுக்கான எச்சரிக்கைகளைத் தொகுத்து ஒரு கையடக்கப் புத்தகம் வெளியிட்டார். மொத்தம் 61 புத்திமதிகள். விடுதியில் இறங்கியதும் திசையைத் தெரிந்துகொள், வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள் என்றெல்லாம் சொல்கிற மனிதர், முதலில் கவனிப்பது காலைத்தான். முதல் நாள் மெதுவாக நட. செருப்பு காலுக்குப் பொருந்தியிருக்கிறதா என்று பார். முதல் இரண்டு மூன்று நாட்கள் அடிக்கடி உட்கார்ந்து இளைப்பாறு. உற்சாகத்தில் முதல் நாளே வேகமாக நடந்தவன் கால் நோவெடுத்துப் பாக்கி வழியெல்லாம் கஷ்டப்படுவான் என்பது அவருடைய கருத்து. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் இதில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டியதில்லை.

கவிஞர்களும் இந்த விஷயத்தை அலட்சியம் செய்யவில்லை. ஹைக்கூ கவிதையின் பிதாவாகப் போற்றப்படும் பாஷோ, 1687-ல் கிளம்பிய ஒரு யாத்திரையைப் பற்றி எழுதும்போது, அன்றாடம் தமக்கு இரண்டே ஆசைகள்தான் என்கிறார். ராத்திரிக்கு நல்ல விடுதி, காலுக்கு ஏற்ற செருப்பு. வேறொன்றும் வேண்டாமாம். 1689-ல் வடதிசை யாத்திரையின்போது செண்டாய் நகரத்து ஓவியர் ஒருவர் அவருக்குப் பிரிவு உபசாரமாகக் கொடுத்தது, நீலச் சாயம் தோய்த்த கயிறு கட்டிய வைக்கோல் செருப்பு. நீலத்தின் வாசனைக்கு விரியன் பாம்பு அண்டாது என்ற நம்பிக்கை அதற்குக் காரணம் என்பார்கள். அழகுக்கு அழகு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. பாஷோ அதற்காக ஒரு கவிதையே பாடிக் கௌரவித்தார். பொன்னாடையைவிட அது உபயோகமான வெகுமதி அல்லவா?

ஹகோனே மலைப்பாதையில் முன்பெல்லாம் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு. மூங்கிலைப் பரப்பிப் பார்த்தார்கள், சீக்கிரம் மக்கிப் போயிற்று. 1680-ல் கல் பாவினார்கள். அந்தக் கற்களில் சில பகுதிகள் இன்னும் இருக்கின்றன; பாசி படிந்து வழுக்குகின்றன. ஈரக் கல்லின் மேல் வைக்கோல் நன்றாகப் பற்றிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில்கூட மலை ஓடைகளில் ஏறுகிறவர்கள் வராஜி கட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

கல் தளத்துக்கு எது ஆகாது என்பதற்கு ரோம ராஜ்யத்தில் ஒரு பரிதாபமான சாட்சி இருக்கிறது. ரோமப் போர்வீரர்களின் செருப்பில் அடிப்பக்கம் முழுவதும் இரும்பு ஆணிகள் அறைந்திருக்கும். மண் பாதையில் அதற்கு இணை கிடையாது. கி.பி. 70-ல் ஜெரூஸலம் முற்றுகையின்போது ஜூலியானஸ் என்ற வீரன் ஆலயத்துக்குள் தனியாகப் பாய்ந்து எதிரிகளை விரட்டிக்கொண்டே போனான். வழவழப்பான கல் தளத்தில் ஆணிச் செருப்பு வழுக்கிவிட்டது. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை, சூழ்ந்துகொண்டு கொன்றுவிட்டார்கள். ஜோஸிபஸ் என்ற சரித்திராசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். நமக்கு எதிரிகள் யாருமில்லை. ஆனாலும் அரண்மனைத் தளங்களும் குளப்படிகளும் அன்று போலவே வழவழப்பாகத்தான் இருக்கின்றன.

சாயங்காலம் விடுதிக்கு வந்து சேர்ந்ததும் ஜப்பானியப் பிரயாணி முதலில் செய்கிற காரியம் செருப்பை அவிழ்த்துக் கால் கழுவுவது. ஹிரோஷிகே என்ற ஓவியர் 1833-க்குப் பிறகு வெளியிட்ட தோக்காய்தோ படங்களில் கோயூ என்ற ஊரைப் பார்க்கலாம். தெருவில் விடுதிப் பெண்கள் போகிறவர்களைக் கழுத்துத் துணியைப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள். அகப்பட்ட ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து செருப்பை அவிழ்க்கிறான். ஒரு கிழவி தொட்டியில் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

1869-ல் ஹகோனே சாவடி ஒழிந்தது. 1889-ல் தோக்காய்தோ ரயில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. பதினைந்து நாள் நடை ஒரு நாள் பிரயாணமாயிற்று. வராஜி மெதுவாக மறைந்தது. டோக்கியோவில் அஸாகுஸா கோயில் வாசலில் மட்டும் 4.5 மீட்டர் நீளமும் 500 கிலோ எடையும் உள்ள ராட்சச வராஜி தொங்குகிறது. முராயாமா நகரத்தார் சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகப் பின்னிக் கொடுக்கிறார்கள், 2018-லும் கொடுத்தார்கள். கால் வலுவாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஜனங்கள் அதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

வராஜிக்கு ஒரு சகோதரி உண்டு, ஜோரி என்று பெயர். அதற்கும் விரலிடுக்கில் வார்தான். ஆனால் கணுக்காலில் கட்டுவதில்லை. அக்கம்பக்கம் போய்வருவதற்கு ஜோரி, நெடுவழிக்கு வராஜி என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானியர்கள் ஜோரியை ரப்பரில் செய்து வெளிதேசங்களுக்கு அனுப்பினார்கள். 1962-ல் பிரேசில் தேசத்தில் அதைப் பார்த்து ஹவாயானாஸ் செருப்பைச் செய்தார்கள். அதன் மேற்பரப்பில் உள்ள அரிசிமணிக் கோலம் பழைய வைக்கோலின் ஞாபகம். நம் வீட்டு வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பும் அந்தக் குலத்தில் பிறந்ததுதான்.

இப்போது விஷயம் விளங்குகிறது. நெடுவழிக்கு ஏற்பட்ட சகோதரி மறைந்துவிட்டாள். அடுத்த தெருவரைக்கும் போகப் பிறந்தவளை நாம் மகாபலிபுரத்துக்கும் ஹம்பிக்கும் இழுத்துக்கொண்டு போகிறோம். குதிகாலில் பிடிப்பில்லாத செருப்பு நழுவாமல் இருப்பதற்காக விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். சாயங்காலம் பாதமும் கெண்டைக்காலும் வலிப்பதில் என்ன ஆச்சரியம்?

வெயில் நாளில் ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடைக்குப் போகும்போது வராஜியை நினைத்துக்கொள்ளலாம். காற்றுப் புகுகிற செருப்பு, குதிகாலில் வார், கல்லில் வழுக்காத அடி. கோயில் வாசலில் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் வாரை அவிழ்ப்பதும் கட்டுவதும் சுலபமாக இருக்க வேண்டும். வெயிலிலும் நடையிலும் கால் சற்று வீங்கும். ஆகையால் காலையில் போட்டுப் பார்ப்பதைவிடச் சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. வாங்கியதைப் பெட்டியில் வைக்காமல் இரண்டு வாரம் உள்ளூரிலேயே போட்டு நடக்கட்டும். கடிப்பதானால் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடித்துவிடட்டும். பாதையோரத்தில் கொத்துக் கொத்தாகச் செருப்புத் தொங்கிய காலம் போய்விட்டபடியால், மாற்று ஜோடி ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஊறுகாயை மறந்துவிட்டாலும் பாதகமில்லை. போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.