ஸ்டாக் இல்லீங்க சார்!
2020 – 2022 லேப்டாப் தட்டுப்பாட்டின் கதை



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பையன் காலேஜ் சேரப்போறான் சார், லேப்டாப் விலை ஏறிக்கிட்டே போகுது. இப்பவே வாங்கிரலாமா?"

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் பேரேடு எழுதிக் காலம் தள்ளியவன். ஆனால் இதே நிலைமையை 2020 முதல் 2022 வரை நாம் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டோம். பார்த்ததை மறந்தும் விட்டோம். அதனால் அந்தக் கதையை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விக்குப் பதில் கடைசியில் இருக்கிறது.

ஐந்து கடை, ஒரே பதில்

2021-இல் என் தங்கை மகள் பி.ஆர்க். சேர்ந்தாள். கல்லூரியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்.எஸ்.டி. நாமக்கல்லில் மூன்று கடை, சேலத்தில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். எல்லாரும் சொல்லிவைத்தது போல ஒரே பதில் சொன்னார்கள்.

"4 ஜிபி இருக்குங்க. 8 ஜிபி ஒண்ணு டிஸ்பிளேல இருக்குங்க. நீங்க கேக்கறது ஸ்டாக் இல்லீங்க சார். புக் பண்ணுங்க, ரெண்டு மாசம் ஆகும். அதுவும் உறுதி சொல்ல முடியாதுங்க."

வகுப்பு தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் டிஸ்பிளேயில் இருந்ததையே வாங்கினோம். பிறகு ராமைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். திறந்து பார்த்த மெக்கானிக், ராம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது என்றார். படம் வரையும் மென்பொருளைத் திறந்தால் இயந்திரம் உறைந்து நிற்கும். பெரிய வரைபடங்களை முடிக்க அவள் தோழியின் லேப்டாப்புக்காக இரவில் காத்திருந்தாள். அந்த வாரம் கிடைக்காத ஒரு பொருளுக்காக ஐந்து வருடப் படிப்பு முழுக்கச் சிரமப்பட்டாள்.

கவனியுங்கள், கடையில் லேப்டாப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தேவையான லேப்டாப்தான் இல்லை. ஏன் அப்படி ஆயிற்று?

எல்லோருக்கும் ஒரே நாளில் தேவை

2020 ஜனவரி 23 அன்று சீனாவின் வூகான் நகரம் மூடப்பட்டது. லேப்டாப் திரைகள் உட்படப் பல பாகங்கள் செய்யும் ஆலைகள் அந்த நகரத்திலேயே உண்டு. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் பல வாரம் திரும்பி வர முடியவில்லை. முதல் அடி அங்கே விழுந்தது.

மார்ச் 24 நள்ளிரவிலிருந்து நம் நாடும் மூடப்பட்டது. ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. ஆயிரக்கணக்கான லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கத் தொடங்கின. பள்ளியும் கல்லூரியும் இணையத்துக்கு மாறின. ஆனால் கடைகள் மூடியிருந்தன. ஏப்ரல் 20 முதல் ஆன்லைனில் அத்தியாவசியமல்லாத பொருள்களையும் விற்கலாம் என்று அறிவித்த மத்திய அரசு, முதல் நாளே அதைத் திரும்பப் பெற்றது. லேப்டாப் "அத்தியாவசியம் அல்லாத பொருள்" பட்டியலில் இருந்தது. பிள்ளைகளின் வகுப்பறையே அதற்குள் போய்விட்ட நேரம் அது!

அதுவரை ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்றிருந்தது, ஓர் ஆளுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. ஐ.டி.சி. என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 30.2 கோடி கணினிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் அதிகம். 2021-இல் அது சுமார் 34.9 கோடி ஆயிற்று. இந்தியாவில் மட்டும் 2021-இல் 1.48 கோடி, ஒரே ஆண்டில் 44.5 சதவீத உயர்வு. ஆக, தட்டுப்பாட்டுக் காலத்தில் உற்பத்தி குறையவில்லை, கூடியது. தேவை அதைவிட வேகமாக ஓடியது.

முட்டையும் சிப்பும்

நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் முட்டை விலை தெரியும். 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி கிளம்பி முட்டை விலை விழுந்தது நினைவிருக்கும். விலை விழுந்தாலும் கோழி மறுநாள் முட்டை இடத்தான் செய்யும். சிப் அதற்கு நேர் எதிர். ஒரு சிலிக்கான் தகடு ஆலைக்குள் நுழைந்து சிப்பாக வெளியே வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். புது ஆலை கட்ட இரண்டு மூன்று வருடம் வேண்டும். விலை ஏறிவிட்டது என்பதற்காக அடுத்த வாரமே கூடுதலாகத் தயாரிக்க முடியாது.

இந்த நேரத்தில் கார் கம்பெனிகள் செய்ததும் ஒரு பாடம். 2020 தொடக்கத்தில் இனி யார் கார் வாங்குவார்கள் என்று சிப் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். அந்த இடத்தை கம்ப்யூட்டர், செல்போன் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சில மாதத்தில் கார் விற்பனை மீண்டதும் திரும்பி வந்தார்கள். வரிசையின் கடைசியில்தான் இடம் கிடைத்தது. கையிருப்பே வைக்காமல், வேண்டும்போது வரவழைத்துக்கொள்வதுதான் சிக்கனம் என்று நாங்கள் காமர்ஸில் படித்தோம். சாலை ஓடிக்கொண்டிருக்கும்வரை அது சரி. சாலை அடைபட்டால் முதலில் மாட்டிக்கொள்பவன் கையிருப்பு இல்லாதவன்தான்.

அதற்கு மேல் அடிமேல் அடி. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயலால் மின்சாரம் போய் ஆஸ்டின் நகரத்துச் சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19-இல் ஜப்பானில் ரெனெசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ. அதே மாதம் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் போக்குவரத்து நின்றது. தைவானில் அரை நூற்றாண்டு காணாத வறட்சி. சிப் ஆலைகளுக்குத் தண்ணீர் லாரியில் போயிற்று. கோடைக்காலத்தில் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

சக்தி கூடிய லேப்டாப்பில் ஒரு கூடுதல் சிக்கலும் இருந்தது. வேகமான பிராசசரை ஓர் அடித்தகட்டின் மேல்தான் பொருத்துவார்கள். அந்தத் தகட்டுக்குள் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதைத் தயாரிப்பது யார் தெரியுமா? ஃபிரைடு ரைஸில் போடும் அஜினோமோட்டோ இருக்கிறதே, அதே ஜப்பான் கம்பெனி! உலகத்தின் உயர்ரகப் பிராசசர்கள் ஏறக்குறைய எல்லாம் இந்தப் படலத்தை நம்பியவை. அதைக் கொண்டு அடித்தகடு செய்யும் ஆலைகள் சிலவே. பெருகிய தேவைக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்னொரு பக்கம் திரைக்கும் பேட்டரிக்கும் வேண்டிய மிக மலிவான சின்னச் சிப்புகளும் கிடைக்கவில்லை. சில பத்து ரூபாய்ப் பொருள் வராததால் ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப் ஆலையில் காத்துக் கிடந்தது. ஒரு வவுச்சர் குறைந்தால் அன்றைய கணக்கு முடியாது என்பது போலத்தான்.

டோக்கன் இல்லாத வரிசை

இத்தனைக்குப் பிறகும் 16 ஜிபி லேப்டாப்புகள் தயாராகிக்கொண்டுதான் இருந்தன. அவை நம் ஊர்க் கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தயாரானவை முதலில் மொத்த ஆர்டர் கொடுத்த பெரிய நிறுவனங்களுக்குப் போயின. அடுத்து, அதிக விலை கொடுக்கும் நாடுகளுக்கு. பிறகு பெருநகரங்களுக்கும் ஆன்லைன் வியாபாரிகளுக்கும். கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு வேறொரு போட்டியும் இருந்தது. எத்தீரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களைத் 'தோண்டி' எடுப்பவர்கள் அவற்றை மொத்தமாக அள்ளினார்கள். அந்தத் தோண்டும் முறையை எத்தீரியம் 2022 செப்டம்பரில்தான் கைவிட்டது. எல்லாம் போக மிஞ்சியதுதான் சிறிய ஊர் வியாபாரிக்கு. அவரும் விலை கூடிய சரக்கில் பணத்தை முடக்கப் பயப்படுவார். மெதுவாக விற்கும் உருப்படியை வாங்கி வைக்கமாட்டார்.

என் வயதுக்காரர்களுக்கு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தது நினைவிருக்கும். அது கொடுமைதான். ஆனாலும் ஒரு பதிவு எண் இருந்தது. நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்தது. வங்கிக் கவுன்ட்டரில் பித்தளை டோக்கன் கொடுப்போமே, அதுபோல. 2021-இல் வரிசை இருந்தது, டோக்கன் இல்லை. நாம் எத்தனையாவது ஆள் என்று நமக்கே தெரியாது.

மலைமேல் இருந்தவர்கள்

நாமாவது வரிசையில் நின்றோம். நிற்கவே முடியாதவர்களும் இருந்தார்கள்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். மிகவும் தேவைப்பட்ட பெருந்தொற்றுக் காலத்தில் அது நின்றுபோயிற்று. அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் சிப் தட்டுப்பாடும் ஒன்று.

நம் ஊரிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். விடுதி மூடிவிட்டது, வீட்டில் லேப்டாப் இல்லை, பல ஊர்களில் சிக்னலும் இல்லை. கல்வி தொலைக்காட்சிதான் துணை.

2021-இல் பிளஸ் 2 பொதுத்தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். அந்த ஆண்டு படித்த பலருக்குப் பள்ளியில் லேப்டாப் வரவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் தரும் புதிய திட்டத்தை அரசு 2026 ஜனவரியில் தொடங்கியபோது, அவர்களில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படித்தவர்களும் நான்காண்டு பொறியியல் படித்தவர்களும் கல்லூரியை விட்டே வெளியேறியிருந்தார்கள். பழைய திட்டமும் புதிய திட்டமும் தொடாத ஓர் இடைவெளியில் அந்தப் பிள்ளைகள் விழுந்துவிட்டார்கள். தட்டுப்பாடு தீர்ந்தது என்று நாம் சொல்கிறோம். அவர்களுக்கு அது தீரவில்லை, காலம் கடந்துவிட்டது.

முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது

இது புதிதும் அல்ல. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சிப்புகளுக்கு உறையிடும் பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததால் மெமரி விலை எகிறியது. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கி, அதன் விலை ஏறியது. நம் அரசு முதன்முதலாக லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதற்கு அடுத்த மாதம் அது.

ஒவ்வொரு முறையும் முடிவு ஒரே மாதிரிதான். கிடைக்காது என்ற பயத்தில் வியாபாரிகள் பத்து வேண்டிய இடத்தில் இருபது ஆர்டர் போடுவார்கள். சரக்கு வந்து சேரும்போது தேவை தணிந்திருக்கும். 2022-இல் உலகக் கணினி விற்பனை சுமார் 29.2 கோடியாக, 16.5 சதவீதம் சரிந்தது. கிடங்குகளில் சரக்கு தேங்கி, தள்ளுபடி விலைக்குப் போயிற்று.

இப்போது நடப்பது மெமரித் தட்டுப்பாடு. சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் உலகத்தின் மெமரிச் சிப்பில் பெரும்பகுதியைச் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு மையங்கள் அவர்களிடம் மொத்தமாக வாங்குகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் 'குரூஷியல்' மெமரி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே டோக்கன் இல்லாத வரிசை. முன்னால் நிற்கும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில் இது. படிப்புக்கு இப்போதே தேவை என்றால் வாங்கிவிடுங்கள். பயந்துகொண்டு இரண்டு வாங்காதீர்கள். எல்லோரும் அப்படிச் செய்வதால்தான் வரிசை நீள்கிறது. 16 ஜிபி கிடைக்காமல் 8 ஜிபி எடுக்க நேர்ந்தால், "பின்னால் ராம் கூட்ட முடியுமா, காலி ஸ்லாட் இருக்கிறதா?" என்று கேட்டு, பில்லில் மாடல் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2020-21-இல் அவசரத்துக்கு வாங்கிய 4 ஜிபி லேப்டாப்புகள் நம் பிளாக்குகளில் பல வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கின்றன. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, ஸ்லாட் இருந்தால் ராமைக் கூட்டினால், ஒரு பிளஸ் 1 மாணவி பாடம் படிக்கவும் விண்ணப்பம் போடவும் தாராளமாக உதவும். உங்கள் வங்கி விவரங்களையும் புகைப்படங்களையும் அழித்துவிட்டு, சார்ஜரோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வாட்ச்மேன் வீட்டுப் பெண், நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள் என்று முதல் பட்டியலில் ஆறு பெயர் இருக்கிறது. யாருக்கு எத்தனையாவது இடம் என்பதை அறிவிப்புப் பலகையில் எண் போட்டு ஒட்டிவிடுவோம்.