ஷேர்கில் குடும்பம்

பஞ்சாபின் மஜீத்தியா சர்தார் வம்சத்தில் பிறந்த உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954), அவருடைய ஹங்கேரிய மனைவியும் சங்கீத விதுஷியுமான மரீ அந்துவானெத் கோட்டெஸ்மன், இவ்விருவருடைய புதல்வியரான அம்ரிதா, இந்திரா, மூத்தவளின் கணவரான டாக்டர் விக்டர் ஈகன் ஆகியோர் அடங்கிய குடும்பம். ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் (1913–1941) கீர்த்தியால் இக்குடும்பம் கலை வரலாற்றில் இடம்பெற்றதெனினும், இரண்டு மகாயுத்தங்களும் ஒரே வீட்டின் உறவுகளை எவ்வாறு பிணைத்தும் பிரித்தும் வைத்தன என்பதற்கு இந்திய–ஹங்கேரிய சம்பந்தங்களில் இதைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை.

மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியாகிய இளவரசி பம்பாவுக்குத் துணையாக லாகூர் வந்த மரீ அந்துவானெத், சமஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் பாண்டித்தியம் உடையவரும் முதல் மனைவியை இழந்தவருமான உம்ராவ் சிங்கை அங்கே சந்தித்து, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மணந்துகொண்டார். அவ்வாண்டிலேயே தம்பதிகள் புடாபெஸ்ட் சென்றனர். 1913 ஜனவரி 30-ஆம் தேதி அம்ரிதாவும், மறு ஆண்டு மார்ச்சில் இந்திராவும் அந்நகரில் பிறந்தனர். இளைய குழந்தை பிறந்த சில மாதங்களில் ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசு செர்பியாவின்மீது படையெடுக்க, ஐரோப்பா முழுவதும் யுத்தத்தில் மூழ்கியது. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை ஊர் திரும்ப அதன்பின் ஏழு ஆண்டுகள் ஆயின.

உம்ராவ் சிங்கின் நிலை விசித்திரமானது. பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் பிரஜையாகையால் ஹங்கேரியில் அவர் சட்டப்படி எதிரி நாட்டவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) இயக்கத்தாரிடம் அனுதாபம் கொண்டவர் என்பதால் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சந்தேகத்துக்கும் இலக்கானவர். அவருடைய தம்பி சுந்தர் சிங் மஜீத்தியாவோ அதே அரசாங்கத்தின் நம்பிக்கைக்குரியவராய் விளங்கி, சர் பட்டமும் பெற்றார். இந்தியாவிலிருந்து வரவேண்டிய வருமானம் யுத்தத்தால் தடைப்பட, குடும்பம் டான்யூப் நதிக் கரையிலுள்ள துனஹரஸ்தி என்னும் சிற்றூரில் வாழ்ந்தது. 1918 அக்டோபரில் புரட்சி, 1919-இல் பேலா குன்னின் 133 நாள் சோவியத் ஆட்சி, அதன்பின் ருமேனியப் படைகளின் பிரவேசம், 1920 ஜூன் 4-ஆம் தேதி நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தைப் பறித்த த்ரியனோன் உடன்படிக்கை என்று அத்தேசம் அடுத்தடுத்து அடிபட்டுக்கொண்டிருந்த அக்காலத்திலும், இந்தப் பிரபு காமிராவும் கையுமாக மனைவியையும் மகள்களையும் தம்மையும் ஓயாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்புத் துணி மாத்திரம் தரித்து, தாடியும் நீண்ட கேசமுமாக யோகி போல் நிற்கும் அவருடைய சுயசித்திரங்களையும், அலங்கார ஆடையில் பியானோவின்முன் அமர்ந்திருக்கும் மனைவியின் படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, இவ்விருவரும் ஒரு கூரையின்கீழ் எவ்விதம் குடித்தனம் நடத்தினர் என்ற ஆச்சரியம் எழாமற் போகாது.

1921-இல் குடும்பம் இந்தியா திரும்பி சிம்லாவில் குடியேறியது. அம்ரிதாவிடம் உருவத்தைப் பார்த்து வரையும் பழக்கத்தை வற்புறுத்தியவர், 1926-இல் இந்தியா வந்த தாய்மாமன் எர்வின் பக்தாய். பிற்காலத்தில் ஹங்கேரியின் புகழ்பெற்ற இந்தியவியல் அறிஞர். 1929 முதல் 1934 வரை பாரிஸில் கற்றுத் திரும்பிய அம்ரிதா, தெற்கே கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கன்னியாகுமரியையும் கண்டு மீண்ட பின்னரே, 1937-இல், ‘பிரம்மசாரிகள்’ முதலிய தென்னிந்திய ஓவியங்கள் மூன்றையும் தீட்டினார்.

விக்டர் ஈகன், மரீ அந்துவானெத்தின் சகோதரி மகன். தாயின் உடன்பிறந்தாள் மகன் நம்மவருக்கு அண்ணன் அல்லது தம்பி முறையேயன்றி, அத்தை மகனையும் மாமன் மகனையும் போல மணமுறை ஆகான்; ஹங்கேரிய வழக்கில் அத்தகைய விலக்கு இல்லை. தாயாரின் எதிர்ப்பு முறையைப் பற்றியதன்று. செல்வமும் அந்தஸ்தும் உடைய வரனை மகளுக்கு நாடியிருந்த அவருக்கு, சொத்தில்லாத வைத்தியரான சகோதரி மகன் உவப்பாக இல்லை. அம்ரிதா அதைப் பொருட்படுத்தாமல் ஹங்கேரி சென்று, 1938 ஜூலையில் புடாபெஸ்டில் விக்டரை மணந்தார். அவர் அங்கிருந்த சமயத்தில், சிம்லா வீட்டில் அவர் விட்டுச்சென்ற கடிதக் கட்டுகளைப் பெற்றோர் தீயிலிட்டனர். மகளின் பெயருக்குப் பழுது வராதிருக்கவே அவ்வாறு செய்ததாக அவர்கள் கருதினர்; மகளோ, நினைவுகளை இழந்த துக்கத்தோடு தந்தைக்குக் கடுமையாகவே எழுதினார். குடும்ப மானத்தைக் காப்பதாக எண்ணிச் செய்த இக்காரியம், பிற்காலச் சரித்திரக்காரருக்கும் பெருநஷ்டமாய் முடிந்தது.

1939-இல், இரண்டாம் யுத்தம் மூளுமுன், தம்பதிகள் இந்தியா வந்து, கோரக்பூர் ஜில்லாவில் சித்தப்பா சுந்தர் சிங்கின் சர்க்கரை ஆலை இருந்த சராயாவில் தங்கினர். விக்டர் அங்கே வைத்தியம் பார்த்தார். எந்த அரசாங்கம் தந்தையை ஐயுற்றதோ அதன் அன்புக்குரிய சித்தப்பாவின் நிழலே ஹங்கேரிய மாப்பிள்ளைக்குப் புகலிடமாயிற்று. 1941 செப்டம்பரில் லாகூருக்கு இடம் மாறிய அம்ரிதா, தம் கண்காட்சிக்கான ஆயத்தங்களின் நடுவே திடீரென நோயுற்று, டிசம்பர் 5-ஆம் தேதி இரவு, இருபத்தெட்டாம் வயதில் காலமானார். அவ்வாரத்திலேயே பிரிட்டன் ஹங்கேரியின்மீது போர் பிரகடனம் செய்ய, மனைவியின் துக்கம் ஆறாத விக்டர் எதிரி நாட்டுப் பிரஜையாகச் சிறைப்பட்டார். 1914-இல் மாமனாருக்கு ஹங்கேரியில் நேர்ந்த நிலை, 1941-இல் மருமகனுக்கு இந்தியாவில் நேர்ந்தது. அம்ரிதாவின் சாவுக்கான காரணம் இன்றளவும் ஐயத்துக்கிடமானது. தாயார் மருமகன்மீதே பழி சுமத்தினார். அத்துயரத்திலிருந்து மீளாமல் 1948-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஷேர்கில் குடும்பத்தாரை மாத்திரமன்றி, ஹங்கேரியிலிருந்து வேறு மனிதர்களையும் யுத்தமும் பாசமும் இங்கே கொண்டுவந்தன. ஓவியர்களான எலிசபெத் சாஸ் புருன்னரும் மகள் எலிசபெத்தும் 1930-இல் சாந்திநிகேதனம் வந்து, இரண்டாம் யுத்தத்தில் காவலில் வைக்கப்பட்டும் பிரியாமல் இந்தியாவிலேயே வாழ்ந்து முடித்தனர். புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஃபோரி (1908–2017), கலாசாலைகளில் யூத மாணவர் தொகைக்கு வரம்பிட்ட 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்து, இங்கிலாந்தில் படிக்கையில் பி. கே. நேருவோடு பழகி, 1935-இல் அவரை மணந்து ஷோபா நேரு ஆனார்; தேசப் பிரிவினையின்போது டில்லி அகதிப் பெண்களுக்குக் கைத்தொழில் தேடித் தருவதில் முனைந்து உழைத்தார்.

அம்ரிதாவின் தங்கை இந்திரா, ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தரான கே. வி. கே. சுந்தரத்தை மணந்தார். 1958 முதல் 1967 வரை தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்து இரண்டு பொதுத் தேர்தல்களை நடத்தியவர் இவரே என்பது, ஷேர்கில் பெயரை அறிந்தோரிலும் பலர் அறியாத செய்தி. அம்ரிதாவின் தந்தையும் கணவரும் அளித்த அவருடைய ஓவியங்கள் டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. இந்திராவின் மகனும் கலைஞருமான விவான் சுந்தரம் (1943–2023), பாட்டனார் எடுத்த நிழற்படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, பெரியம்மாவும் தாயாரும் பாட்டனாரும் கூடி நிற்கும் காட்சிகளாக 2001-இல் தொடங்கி ஒரு படத்தொகுதி படைத்தார். எரியாமல் எஞ்சிய அம்ரிதாவின் கடிதங்களை 2010-இல் இரு பாகங்களாகப் பதிப்பித்தவரும் அவரே.