வரைபடத்தில் ஏறிய சாட்சியம்

1895இல் அமெரிக்காவில் 'ஹல் ஹவுஸ் வரைபடங்களும் கட்டுரைகளும்' என்ற நூல் வெளிவந்தது. சிகாகோவில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் தொடங்கிய சமூக இல்லம் ஹல் ஹவுஸ். அங்கே தங்கிப் பணியாற்றியவர்கள் சேர்ந்து உருவாக்கிய நூல் அது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1893இல் ஃபிளாரன்ஸ் கெல்லியின் மேற்பார்வையில் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டப்பட்டது. எந்த வீட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் வாழ்கிறார்கள், வாரக் கூலி எவ்வளவு என்பதெல்லாம் நிறங்களாக வரைபடத்தில் ஏறின. வாரம் 5 டாலரோ அதற்கும் குறைவாகவோ ஈட்டிய குடும்பங்களுக்குக் கறுப்பு நிறம். பாலியல் தொழில் நடந்த விடுதிகளுக்கு வெள்ளை.

நகரத்தின் வறுமையைப் பெண்கள் தம் கையால் வரைந்து காட்டிய முன்னோடி முயற்சி அது. ஆனாலும் அந்த வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்த விடுதிகளுக்குள் இருந்த பெண்கள் தங்கள் இடத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? நிறத்துக்கு வாய் இல்லை. வரைபடம் என்ற வடிவத்துக்குள் அவர்களுடைய பேச்சு நுழைய அன்று வழியும் இல்லை.

அந்த வழி திறந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, கென்யாவில். 2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலையொட்டி அங்கே வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டனர். வழக்கறிஞரும் வலைப்பூ எழுத்தாளருமான ஓரி ஒகோலோ தனக்கு வந்த செய்திகளைத் தொகுத்து எழுதிக்கொண்டிருந்தார். எங்கே என்ன நடக்கிறது என்பதை மக்களே குறிக்கும்படி ஒரு வரைபடம் செய்து தர யாராவது முன்வர வேண்டும் என்று 2008 ஜனவரித் தொடக்கத்தில் கேட்டார். தொழில்நுட்பம் அறிந்த நண்பர்கள் சில நாட்களிலேயே அதை உருவாக்கினார்கள். அதற்கு 'உஷாஹிதி' என்று பெயரிட்டார்கள். சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாட்சியம் என்று பொருள். நம் 'சாட்சி' வடமொழியில் கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கண்ணால் கண்டவர் எவரோ அவரே சாட்சி.

உஷாஹிதி பின்னர் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளாயிற்று. அதன் படிவம் எளிமையானது. என்ன நடந்தது, எப்போது, எந்த வகை, எந்த இடம். கீழே செய்தி இணைப்புக்கு ஓர் இடம், காணொளி இணைப்புக்கு ஓர் இடம், படத்துக்கு ஓர் இடம். யூடியூபில் ஏற்றிய காணொளியின் முகவரியை அங்கே ஒட்டினால் போதும், வரைபடத்தின் புள்ளியோடு அது சேர்ந்துவிடும். இந்தச் சிறு கட்டத்தின் வழியாகத்தான் பேச்சு வரைபடத்துக்குள் வந்தது.

நைரோபியின் கிபேரா குடியிருப்பில் இதன் பலனைப் பார்க்கலாம். 'கிபேரா' என்பது காடு எனப் பொருள்படும் நூபிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. 2009 கணக்கெடுப்பின்படி அங்கே 1,70,070 பேர் வாழ்ந்தார்கள். பத்து லட்சம் பேர் என்று சொன்னவர்களும் உண்டு. இத்தனை பேர் வாழும் இடம் இணைய வரைபடத்தில் வெற்றிடமாகவே இருந்தது. 2009 இறுதியில் அந்தக் குடியிருப்பின் இளம்பெண்களும் இளைஞர்களும் ஜிபிஎஸ் கருவிகளோடு சந்து சந்தாக நடந்து, பாதைகளையும் தண்ணீர்க் குழாய்களையும் மருந்தகங்களையும் கழிப்பறைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்தார்கள். அடுத்து 'வாய்ஸ் ஆஃப் கிபேரா' என்ற செய்தி வரைபடத்தை உஷாஹிதி மென்பொருளில் அமைத்தார்கள். 'கிபேரா நியூஸ் நெட்வொர்க்' என்ற குழு கைக்குள் அடங்கும் சிறு கேமராக்களால் காணொளி எடுத்துப் பதிவிட்டது.

வரைபடத்தில் கழிப்பறை என்று ஒரு புள்ளி இருக்கிறது. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, போகும் வழியில் விளக்கு எரிகிறதா, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பெண் அங்கே போக முடியுமா என்பதைப் புள்ளி சொல்லாது. நடந்துகொண்டே எடுத்த இரண்டு நிமிடக் காணொளி சொல்லிவிடும். நைரோபிக் குடிசைப் பகுதிப் பெண்களின் நிலை குறித்து ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2010இல் வெளியிட்ட அறிக்கையின் மையமே இதுதான். வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக்கு இரவில் போவது வன்முறைக்கு ஆளாகும் அபாயம். வசதி இருக்கிறது என்று காட்டும் வரைபடத்துக்கும் அதைப் பயன்படுத்த முடியாத பெண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் காணொளியால் காட்ட முடியும்.

ஆனால் இதே காணொளி வேறொன்றையும் செய்யும். அதற்கு எகிப்துக்குப் போக வேண்டும்.

கெய்ரோவில் 2010 டிசம்பரில் பெண்கள் சிலர் 'ஹராஸ்மேப்' என்ற வரைபடத்தைத் தொடங்கினார்கள். அதுவும் உஷாஹிதியில் அமைந்ததே. தெருவில் சீண்டலுக்கு ஆளானவர் குறுஞ்செய்தி அனுப்பலாம், இணையத்திலும் எழுதலாம். பெயர் சொல்லத் தேவையில்லை. பெண்கள் துணிந்து சொன்னதற்கு இந்தப் பெயரின்மை முக்கியமான காரணம். 2013இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வில் விசாரிக்கப்பட்ட எகிப்தியப் பெண்களில் 99.3 விழுக்காட்டினர் ஏதோ ஒருவகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் நடந்ததை எவரும் பெயர் சொல்லிப் பேச முடியாத சமூகத்தில் பெயரில்லாத புள்ளி ஒரு புகலிடம்.

2014 ஜூன் 8 அன்று தஹ்ரீர் சதுக்கத்தில் குடியரசுத் தலைவர் பதவியேற்புக் கொண்டாட்டத்தின்போது ஒரு பெண் கும்பலால் தாக்கப்பட்டார். அந்தக் கொடுமையை ஒருவர் கைபேசியில் பதிவு செய்ய, அது யூடியூபில் பரவியது. மறுக்க முடியாத சாட்சியம் என்று உலகம் பேசியது. அந்தப் பெண்ணோ மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்த தலைவரிடம் அதை நீக்கச் சொல்லிக் கேட்டார். அவரை அடையாளம் காட்டும் பதிவுகளை யூடியூப் நீக்கியது. முகம் மங்கலாக்கப்பட்டவற்றை விட்டுவைத்தது. அதே ஆண்டு ஜூலையில் தஹ்ரீர் தாக்குதல் வழக்குகளில் சிலர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். நீதி கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காணொளியை ஏற்றும்போது அவரை யாரும் கேட்கவில்லை. நீக்கவோ, அவர் ஒரு நாட்டின் தலைவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

காணொளியால் இன்னோர் ஆபத்தும் உண்டு. வரைபடத்தில் சில புள்ளிகள் காணொளியோடும் பல புள்ளிகள் அது இல்லாமலும் இருக்கும்போது, பார்ப்பவரின் மனம் முதலாவதை நம்பும், இரண்டாவதைச் சந்தேகிக்கும். 'ஆதாரம் எங்கே?' என்ற கேள்வி தானாக வரும். இது தொழில்நுட்பம் புதிதாகக் கொண்டுவந்த கேள்வி அல்ல. இந்தியப் பெண்கள் இதற்கு எதிராக ஏற்கெனவே ஒரு போராட்டம் நடத்தியிருக்கிறார்கள்.

1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி வன்புணர்வு செய்யப்பட்டார். உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கான அடையாளம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடலும் அதைத் தொடர்ந்து நாடெங்கும் எழுந்த பெண்கள் இயக்கமும் 1983இல் சட்டத்தைத் திருத்த வைத்தன. அந்தத் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. காவலில் நடந்த வன்புணர்வு வழக்கில் உடலுறவு நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சி சொன்னால் நீதிமன்றம் சம்மதமில்லை என்றே கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அவள் சொல்லை நம்பு, அவள் முகத்தைக் காட்டாதே. இரண்டும் ஒரே திருத்தத்தில், ஒரே போராட்டத்தில் கிடைத்தவை.

காணொளி சேர்க்கும் வரைபடங்கள் தவறினால் இந்த இரண்டும் ஒருசேரப் போகும். காணொளி இல்லாதவள் நம்பப்பட மாட்டாள். காணொளியில் இருப்பவள் மறைந்துகொள்ள முடியாது. 2019இல் பொள்ளாச்சியில் வெளிவந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அங்கே காணொளிதான் பெண்களை மிரட்டப் பயன்பட்ட ஆயுதம். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தபோதும், அந்தக் கேமராவுக்கு முன் நின்ற பெண்களின் அச்சம் தீர்ப்போடு முடிந்திருக்காது.

அதற்காகக் காணொளியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டெல்லிக் கூட்டு வன்புணர்வுக்குப் பின் 2012 டிசம்பரில் தொடங்கிய 'சேஃப்சிட்டி' உட்பட இந்த வரிசையில் வந்த வரைபடங்கள் பலவற்றில் பெண்கள் பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறார்கள். இத்தகைய வரைபடத்தில் காணொளி சேர்க்க விரும்பும் மாணவிகள் முதலில் கேமராவை இடத்தின் பக்கம் திருப்பலாம். எரியாத தெருவிளக்கு, தாழ்ப்பாளில்லாத கதவு, பேருந்து நிற்காத நிறுத்தம் ஆகியவற்றுக்கு மானக்கேடு எதுவும் இல்லை. ஒரு பெண் பேசுவதாக இருந்தால் முகத்தை மங்கலாக்கும் வசதி யூடியூபிலேயே 2012 முதல் இருக்கிறது. ஆனால் வரைபடத்துக்கு அது போதாது. இடம் ஏற்கெனவே அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. தெருவும் குரலும் சேலையும் பின்னால் நிற்கும் பிள்ளையும் தெரிந்தால் ஊர்க்காரர்களுக்கு முகம் வேண்டியதில்லை. எனவே புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல் வட்டாரத்தின் மேல் வைக்க வேண்டும். கைபேசி காணொளிக் கோப்பில் பதிந்து வைக்கும் இருப்பிடக் குறிப்பையும் ஏற்றும் முன் அழிக்க வேண்டும். பேசியவர் நாளை மனம் மாறினால், காரணம் கேட்காமல் நீக்கித் தர வேண்டும். இன்று சம்மதித்தவள் நாளை திருமணத்தின்போதோ வேலை தேடும்போதோ மறுக்கலாம். அதுவும் சம்மதத்தின் பகுதிதான்.

சிகாகோவின் வெள்ளைக் கட்டங்களில் பெண்களின் பேச்சு இல்லாமல் போனது. தஹ்ரீர் காணொளியில் ஒரு பெண்ணின் துயரம் அவள் விருப்பமில்லாமல் பேசப்பட்டது. இரண்டிலும் முடிவெடுத்தவர் வேறு யாரோ. படிவத்தில் காணொளிக்கான கட்டத்தை நிரப்புவதும் வெறுமையாக விடுவதும் அவள் முடிவாக இருக்கட்டும். வெறுமையாக விட்டாலும் அவள் எழுதிய மற்ற வரிகள் முழுமையான சாட்சியமே.