கெம்பிஸ் எழுதினாரா, நகலெடுத்தாரா?

கத்தோலிக்க நண்பர்கள் வீட்டில் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்ற பழைய புத்தகத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். விவேகானந்தர் ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் கீதையோடு கூடவே வைத்திருந்த நூல் இது. சில அத்தியாயங்களை வங்காளியிலும் மொழிபெயர்த்தார். மூலம் லத்தீன். ஆசிரியர் தாமஸ் கெம்பிஸ் என்பார்கள். அந்த ‘என்பார்கள்’தான் இங்கே விஷயம்.

தாமஸ் 1380 வாக்கில் ஜெர்மனியில் கெம்பன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் கொல்லர். சிறுவயதிலேயே நெதர்லாந்தின் டெவென்டருக்குப் படிக்கப் போனார். அங்கே அவரை ஆதரித்த பக்திக் குழுவினர் பிச்சை எடுக்காதவர்கள். நூல்களைப் பிரதியெடுத்து, அந்தக் கூலியில் சாப்பிட்டவர்கள். பிறகு ஸ்வொல்லே நகருக்குப் பக்கத்தில் புனித ஆக்னஸ் மலை மடத்தில் சேர்ந்தார். 1471-ல், தொண்ணூறை ஒட்டிய வயதில், இறந்தார். பைபிள் முழுவதையும் நான்கு முறையாவது கையால் எழுதியிருக்கிறார்!

வம்பு அங்கேதான் வந்தது. இந்த நூல் முதலில் பெயரில்லாமலே கைக்குக் கை மாறியது. தாமஸின் கையெழுத்துப் பிரதி பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. 1441-ல் தம் கையால் எழுதி முடித்ததாக அதன் கடைசியில் குறித்திருக்கிறார். கையால் என்றால்? நான் பதிவுத்துறையில் காலம் தள்ளியவன். பத்திர நகலின் அடியில் நகலெடுத்தவர், ஒப்பிட்டவர் என்று கையெழுத்து இருக்கும். அதனால் நகலெடுத்தவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா? எதிர்க்கட்சியின் வாதமும் இதுதான். பாரிஸின் ஜான் ஜெர்சோன் என்றார்கள், இத்தாலிய மடாதிபதி ஒருவர் என்றார்கள். 1652-ல் பாரிஸ் நீதிமன்றம் தாமஸின் பெயரிலேயே அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டும் சண்டை ஓயவில்லை. யார் சொன்னார் என்று பார்க்காதே, சொன்னதைப் பார் என்றும், பேர் தெரியாதவனாக இருக்க ஆசைப்படு என்றும் போதிக்கிற புத்தகத்துக்கு இந்த வழக்கு!

எனக்குப் பிடித்த சாட்சி ஒரே ஒரு சொல். பைபிளை மனப்பாடமாக அறிவது பற்றி ஓரிடம் வருகிறது. அங்கே லத்தீனில் ‘வெளியே’ என்ற பொருள்படும் சொல் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் மனப்பாடத்தை இதயத்தோடு சேர்த்துச் சொல்வார். டச்சுக்காரருக்குத்தான் அது ‘வெளியிலிருந்து’ அறிவது. லத்தீனில் எழுதும்போதும் தாய்மொழி எட்டிப் பார்த்துவிட்டது. தாமஸ் எழுதியதே என்பதில் மறுபேச்சில்லாத வேறு சிறு நூல்களும் அந்த 1441 கட்டிலேயே இருக்கின்றன. இன்று அறிஞர்களில் பெரும்பாலோர் அவர் பக்கமே. நானும்தான்.

அவர் இறந்தபோது மடத்து வரலாற்றில் ஒரு குறிப்பு எழுதினார்கள். மடத்துக்கான பைபிளை முழுவதும் எழுதினார், மடத்துக்காகவும் கூலிக்காகவும் வேறு பல நூல்களை எழுதினார் என்கிறது. இளைஞர்களுக்காக எளிய நடையில் சில சிறு நூல்கள் இயற்றினார் என்றும் சேர்த்திருக்கிறது. இந்தப் புத்தகத்தின் பெயர் அதில் இல்லை.