புராஸ்டேட் புற்றுநோய் மருந்துகளும் புதுச்சேரியும்

மூத்திரப்பையின் கழுத்தைச் சூழ்ந்து ஆண்களுக்கு மட்டுமே அமைந்ததும், விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பதுமான புராஸ்டேட் சுரப்பியில், பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த பிறகு உண்டாகும் புற்றுநோயை அடக்குவதற்கென ஏற்பட்ட மருந்துகளின் சரித்திரம், ஆண்மைச் சுரப்புநீராகிய டெஸ்டோஸ்டிரோன் அந்தப் புற்றுக்கு எட்டாமல் தடுப்பதற்கு வைத்தியர் கையாண்ட உபாயங்களின் சரித்திரமே எனலாம். அச்சுரப்புநீரோ புற்றை மாத்திரம் போஷிப்பதன்று. எலும்பு, தசை, இரத்தம், மனம் ஆகிய யாவற்றையும் பேணுவது. ஆகவே புற்றைப் பட்டினி போடும் மருந்து தேகம் முழுவதையும் ஓரளவு பட்டினி போடுகிறது. எவ்வளவு மருந்து போதும், எவ்வளவு மிகை என்னும் கேள்வி இத்துறையில் இன்றளவும் ஓயாதிருப்பது இதனால்தான்.

விரைகளுக்கும் இச்சுரப்பிக்கும் உள்ள சம்பந்தத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் ரண வைத்தியர் ஜான் ஹண்டர் மிருகங்களிடம் கண்டு எழுதியிருந்தார். அதைப் புற்றுநோய்ச் சிகிச்சையாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ஹக்கின்ஸ். 1941-ல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், புற்று பரவிவிட்ட நோயாளிகளுக்கு விரைகளை நீக்கியோ பெண்மைச் சுரப்புநீரைச் செலுத்தியோ பார்த்து, நோயின் அடையாளமாக இரத்தத்தில் மிகுந்திருந்த ஆசிட் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி இறங்குவதை அளந்து காட்டினர். 1966-ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்காலத்தில் விரைநீக்கத்துக்கு மாற்றாக எங்கும் வழங்கிய மருந்து, 1938-ல் இங்கிலாந்தில் செயற்கையாக ஆக்கப்பட்ட பெண்மைச் சுரப்புநீரான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால். நாள்தோறும் 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கமாயிருந்தது. 1960-களில் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள் ஒன்றுகூடி நடத்திய ஆய்வில், புற்றால் மாண்டவர் குறைந்தாலும், இருதய நோயாலும் இரத்தக்குழாய் அடைப்பாலும் மாண்டவர் அந்த லாபத்தை விழுங்கிவிட்டது புலனாயிற்று. 1 மில்லிகிராமே புற்றை ஏறக்குறைய அதே அளவு அடக்கியது என்றும் பின்னர் தெரிந்தது. புற்றின் அளவை மட்டும் பார்த்திருந்தால் வெளிப்படாத உண்மை இது. நோயாளி எதனால் இறந்தார் என்று பொறுமையாகக் குறித்து வைத்ததனால் வெளிப்பட்டது.

புதுச்சேரியில் மேல்நாட்டு வைத்தியக் கல்வி 1823-ல் பிரெஞ்சு அரசாங்கம் நிறுவிய எக்கோல் தெ மெதிசினில் தொடங்குகிறது. 1954-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபின், 1956-ல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, கோரிமேட்டில் புதிய இடம் பெற்று, 1964 ஜூலை 13-ல் ஜவாஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம், அதாவது ஜிப்மர், ஆயிற்று. அங்கே 1969-ல் பட்டம் பெற்ற மணி மேனன், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பாட்ரிக் வால்ஷின் குழுவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது செய்த வேலை இந்த வரலாற்றில் நின்று கவனிக்கத்தக்கது.

ஆண்மைச் சுரப்புநீர் உயிரணுவினுள் ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே தன் காரியத்தைச் செய்கிறது. அந்த ஏற்பி ஒரு திசுவில் எவ்வளவு உண்டு என்று அளக்கப் புகுந்தவர்களுக்கு ஒரு பெருந்தடை இருந்தது: இயற்கைச் சுரப்புநீர் இரத்தத்திலுள்ள வேறு புரதத்தோடும் ஒட்டிக்கொள்வதால் கணக்கு பிழைபட்டது. பாரிஸ் நகரத்து ரூஸெல்-யுக்லாஃப் கம்பெனி ஆக்கிய ஆர்-1881 என்னும் செயற்கைச் சுரப்புநீர் அவ்வாறு ஒட்டுவதில்லை. அதற்குக் கதிரியக்க அடையாளமிட்டு, பருத்த புராஸ்டேட் திசுவோடு சேர்த்து, எங்கே எவ்வளவு பற்றுகிறது என்று மேனனும் சகாக்களும் அளந்து 1978-ல் வெளியிட்டனர். அச்செயற்கைச் சுரப்புநீர், பெண்மைச் சுரப்புநீர்களில் ஒன்றாகிய புரோஜெஸ்டிரோனுக்குரிய ஏற்பியைப் போன்றதொன்றையும் பற்றக்கூடும் என்று எச்சரித்தது அக்கட்டுரையின் பெருமை. தம் அளவுகோலின் குறையைத் தாமே கண்டு சொல்வது ஆராய்ச்சியில் அரிய குணம். மேனன் பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரில் ரோபோ கொண்டு செய்யும் புராஸ்டேட் அறுவைக்கு முன்னோடியாய்ப் புகழ்பெற்றார்.

பிரெஞ்சு ரசாயனத்தின் தடம் இத்துறையில் வேறு பல இடங்களிலும் தென்படுகிறது. ஏற்பியை அடைத்துவிடும் நிலுட்டமைட் அதே கம்பெனியின் ஆக்கம். 2012-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற என்சலூட்டமைடைச் சார்லஸ் சாயர்ஸும் மைக்கேல் ஜங்கும் உருவாக்கியபோது, தொடக்கமாய் எடுத்துக்கொண்டதும் ரூஸெலின் மூலக்கூறு ஒன்றே. 2004-ல் இப்புற்றுக்கு அங்கீகாரம் பெற்ற டோசிடாக்சலோ, பியேர் பொத்தியே என்ற பிரெஞ்சு ரசாயனி ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஆக்கியது.

இடையில், மூளையின் அடிப்பாகத்திலிருந்து வரும் கட்டளையையே நிறுத்தும் வழி பிறந்தது. அக்கட்டளைப் பொருளின் அமைப்பை 1971-ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு கண்டறிந்தது; அதைப் போன்ற லூப்ரோலைட் ஊசி 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது முதல் சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோனைத் தாழ்த்தாமல் உயர்த்திவிடுவதால், முதுகெலும்பில் புற்றுள்ளவருக்குத் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கும் அபாயமுண்டு; எனவே ஏற்பியை அடைக்கும் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கின்றனர். இந்தியாவில் இன்றும் பலர் ஊசியைவிட ஒரே முறை செய்து முடியும் விரைநீக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பொருளாதாரமே முக்கிய காரணம்; டெஸ்டோஸ்டிரோனைத் தாழ்த்துவதில் இரண்டும் நிகரே.

எவ்வழியில் தாழ்த்தினாலும் விளைவுகள் ஒருங்கே தொடர்கின்றன: எலும்பு மெலிகிறது, தசை குறைந்து கொழுப்பு ஏறுகிறது, சர்க்கரை நோய் நெருங்குகிறது, இச்சை அவிகிறது, உடம்பில் திடீரென அனல் பரவி வியர்க்கிறது. புதுச்சேரியின் சித்திரைப் புழுக்கத்தில் இக்கடைசி விளைவை வெயிலின் மேல் சாற்றிவிட்டு வைத்தியரிடம் சொல்லாமல் இருந்துவிடுதல் எளிது; கேட்டறிதல் வைத்தியர் கடமை.

லண்டனில் ஆக்கப்பட்டு 2011-ல் அங்கீகாரம் பெற்ற அபிராடெரோன், விரைகளில் மட்டுமின்றி அட்ரீனல் சுரப்பியிலும் புற்றினுள்ளேயும் நடக்கும் உற்பத்தியை நிறுத்துவது. அதனால் இரத்த அழுத்தம் ஏறுவதும், பொட்டாசியம் குறைவதும், கால் வீங்குவதும் உண்டாகையால் பிரெட்னிசோலோனைக் கூடவே தருகின்றனர். வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, என்பது விதித்த அளவு; சாப்பாட்டோடு உண்டால் உடம்பில் ஏறும் மருந்து பன்மடங்கு பெருகிவிடும் என்பதே வெறும் வயிற்றை வற்புறுத்தியதன் காரணம். அந்தப் பெருக்கத்தையே அனுகூலமாக்கிக்கொண்டால் என்ன என்று அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் 72 நோயாளிகளிடம் சோதித்து, கொழுப்புக் குறைந்த காலை உணவோடு உண்ட ஒரே மாத்திரை, புற்றின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்த அளவை நான்கு மாத்திரைக்குக் குறைவின்றி இறக்கியது என்று 2018-ல் வெளியிட்டனர். நம் இட்டிலி அத்தகைய உணவே. அச்சிறு ஆய்வு அளந்தது இரத்த அளவையே அன்றி ஆயுளை அன்று. ஆயினும், விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தேறிக் கோரிமேட்டுக்கு வருகிறவரைப் போன்று, முழு அளவை மாதாமாதம் வாங்க இயலாமல் சிகிச்சையையே கைவிடக்கூடிய நோயாளிக்கு, நான்கில் ஒரு பங்கு செலவில் முடியும் இந்த அளவை இந்திய வைத்தியர் பலர் இன்று எழுதிக் கொடுக்கின்றனர்.