விலகி எழுந்த ஊர்களும் கலந்து எழுந்த ஊரும்

தாமிரபரணியின் கன்னடியன், கோடகன், பாளையன் முதலிய கால்கள், அதாவது அணைக்கட்டிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள், பாயும் நன்செய் ஊர்களில் நிலமுடைய பிராமணரும் வேளாளரும் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் வாழ, அந்நிலத்தில் நாற்று நட்டுக் கதிரறுத்தோர் வயலுக்கு அப்பால் சேரியில் ஒதுக்கப்பட்டனர். ஆற்றுநீர் எட்டாத தெற்குச் செம்மணல் மேடுகளான தேரிகளில் பனையேறி வாழ்ந்த நாடார்களுக்கோ கோயில் வாசலே மூடியிருந்தது.

இவ்வொதுக்கலிலிருந்து வெளியேறும் முயற்சி தேரியில்தான் முதலில் ஊர் வடிவம் பெற்றது. கிறித்தவம் தழுவியதால் துன்புறுத்தப்பட்டோருக்காக 1799இல் தாவீது சுந்தரானந்தம் முதலூரை நிறுவினார். பாளையங்கோட்டையிலிருந்து பணியாற்றிய மறைப்பணியாளர் ரேனியஸ், இத்தகையோருக்கு மனையும் நிலமும் வாங்கித் தரும் பொருட்டு 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். 1841இல் இடையன்குடிக்கு வந்த மறைப்பணியாளர் கால்டுவெல், பனைகளுக்கிடையே சிதறிக் கிடந்த குடிசைகளை நேர்த்தெருக்களாக ஒழுங்குபடுத்தி, கிணறு வெட்டி, மரம் நட்டுப் பள்ளி நடத்த, அவர் மனைவி எலிசா பெண்களுக்கு நூலால் லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். வீடு, நீர், கல்வி, கூலி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியதாலேயே இவ்வூர்கள் நிலைத்தன என்று கொள்ளலாம்; மனைப்பட்டா மட்டும் கொடுத்து ஒதுங்கும் இன்றைய திட்டங்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஆயினும் இவை பழைய ஊரை விட்டு விலகி எழுந்தவை. ஆற்றங்கரை ஊர்களில் தெருவுக்கும் சேரிக்கும் இடையே கிடந்த எல்லை அவற்றால் அழியவில்லை. 1995இல் கொடியன்குளத்தில் தலித் மக்களின் வீடுகள் காவல்துறையினரால் சூறையாடப்பட்டதும், 1997இல் போக்குவரத்துக் கழகமொன்றுக்குத் தலித் மக்கள் தம் முன்னோராகப் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டதும், அந்த எல்லை எவ்வளவு உயிரோடிருந்தது என்பதைக் கொடூரமாகக் காட்டின. இதையடுத்துத் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு நீக்கியது. அது சச்சரவுக்கான ஒரு காரணத்தை அகற்றியதே அன்றிக் குடியிருப்பைத் தொடவில்லை.

குடியிருப்பைத் தொட்டது பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டம். 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டு, பின்னர் நெல்லை உட்பட மாநிலமெங்கும் பரவிய இக்குடியிருப்புகளில், 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் என வகுக்கப்பட்டது. சாதிக்கொரு தெரு என்ற பழைய முறையைக் கைவிட்டு, சுவரையடுத்த வீட்டில் வேறு சாதியார் வாழும்படி அவை ஒதுக்கப்பட்டன.